திருநூலில் நாம் தேடும் உறுதி

'உறுதி' என்ற சொல்லை வன்னியில் நாம் இரண்டு பொருளில் வழங்குகிறோம். மனம் ஐயமின்றி நிற்பது உறுதி. காணிக்குரிய பத்திரமும் உறுதி. கண்டாவளையில் ஒருவர் இன்னொருவரிடம், "உறுதி இருக்குதோ?" என்று கேட்டால் அவர் விசாரிப்பது பெரும்பாலும் பத்திரத்தைத்தான்.

1996இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோதும், 2009இன் தொடக்கத்தில் பரந்தன், முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு என்று கிழக்கு நோக்கிப் போனபோதும், நம் குடும்பங்கள் பல ஒரு பொலித்தீன் பையைக் கையோடு கொண்டு சென்றன. அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, வங்கிப் புத்தகம், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் ஆகியவை அதற்குள் இருந்தன. சிலரது பையில் ஒரு புதிய ஏற்பாடோ, செபப் புத்தகமோ, தேவாரத் திரட்டோ இருந்தது. அரிசியைக்கூட வழியில் விட்டுவிட்டுப் போனவர்கள் அந்த நூலை விடவில்லை. ஏன்? அந்த நூலிடம் நாம் எதைக் கேட்டோம்? அது தரக்கூடியது எது? இந்தப் பாடத்தில் இதைச் சிறிது ஆராய்வோம்.

கேட்க ஆளில்லாத காலம்

சாதாரண காலத்தில் ஒரு கமக்காரனுக்கு யோசனை சொல்ல ஆட்கள் பலர். விதைப்புக்கு நாள் பார்க்கப் பஞ்சாங்கம் இருக்கிறது. வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்பதைக் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் அறியலாம். பூச்சி விழுந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் போகலாம். பிள்ளையின் கலியாணப் பேச்சுக்குத் தாய்மாமன் இருக்கிறார். ஒருவர் சொன்னது சரியோ என்று இன்னொருவரிடம் விசாரிக்கலாம். பிழைத்தாலும் நட்டம் அந்தப் போகத்தோடு போய்விடும்.

இடப்பெயர்வு இவர்கள் எல்லோரையும் சில நாட்களில் சிதறடித்துவிடுகிறது. அதே நேரத்தில், வாழ்நாளில் செய்த எல்லாத் தீர்மானங்களையும்விடப் பெரிய தீர்மானத்தை உடனே செய்யச் சொல்கிறது. 2009 மாசி, பங்குனியில் ஒரு தகப்பன் முன்னால் இருந்த கேள்வி என்ன? இங்கேயே கிடங்குக்குள் இருப்பதா, இன்னும் கிழக்கே போவதா, இரவில் கடலேரியைக் கடப்பதா? எந்தப் பக்கம் போனாலும் பிள்ளையை இழக்கக்கூடும். இழந்தால் "நான் சொன்னதால்தானே" என்ற எண்ணம் உயிருள்ளவரை போகாது. அந்தப் பாரத்தைத் தனியே தூக்க முடியாத மனிதன், தன்னைவிடப் பெரிய ஒரு குரல் தீர்ப்புச் சொல்லாதா என்று நூலைத் திறக்கிறான். படித்தவர்கள் சிலர் இதை அறியாமை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தெரிவைச் செய்யவேண்டிய இடத்தில் நின்றவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நூலுக்கு வேறொரு பெருமையும் உண்டு. எல்லாம் மாறும்போது அது மாறுவதில்லை. தர்மபுரத்தில் வாசித்த அதே வரிதான் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் கூடாரத்திலும் இருந்தது. நமக்கு முன்னும் துன்பப்பட்டவர்கள் இதே சொற்களைச் சொல்லி அழுதார்கள் என்ற அறிவு ஒரு துணை.

மீள்குடியேறிய பின்னும் இந்தத் தேட்டம் நிற்கவில்லை. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கண்டாவளை வயல்கள் வெள்ளத்தில் கிடந்தன. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. அதே ஆண்டு கார்த்திகையில் தடை நீங்கும்போது காலபோகம் பாதி வழியில் நின்றது. நுண்கடன் வாரத் தவணையும் சேர்ந்தால், அடுத்த மாதம் எப்படி என்று சொல்ல யாரால் முடியும்?

கயிறு சாத்துதலும் விரல் வைத்தலும்

கண்ணை மூடிக்கொண்டு திருவிவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வரியை இறைவனின் பதிலாக எடுத்துக்கொள்வோர் நம்மிடையே உண்டு. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சைவ மரபில் இதற்குத் திருமுறையில் கயிறு சாத்துதல் என்று பெயர். தேவார ஏட்டுக்குள் கயிறொன்றை நுழைத்து, அது விழுந்த ஏட்டில் உள்ள பாடலைத் திருவருளின் குறிப்பாகக் கொள்வது முறை. பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் பிள்ளையில்லாத கவலையோடு தம் குரு சகலாகம பண்டிதரிடம் சென்றார். கயிறு சாத்தியபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் கிடைத்தது. அங்கு சென்று முக்குள நீராடி வழிபட்டபின் பிறந்த பிள்ளையே மெய்கண்டார் என்பது சைவர்கள் போற்றும் வரலாறு.

நமது திருச்சபையிலும் இதற்கு ஒத்த நிகழ்ச்சி உண்டு. 386இல் மிலான் நகரின் தோட்டமொன்றில் மனப் போராட்டத்தோடு இருந்த அகுஸ்தீன், எடுத்து வாசி என்ற சிறுபிள்ளைக் குரலைக் கேட்டுப் பவுலின் திருமுகத்தைத் திறந்தார். கண்ணில் பட்ட பகுதி அவருடைய வாழ்வைத் திருப்பியது. ஆனால் அதே அகுஸ்தீன் ஆயரான பின், உலக அலுவல்களுக்குக் குறி கேட்க நற்செய்தி ஏடுகளைப் பயன்படுத்துவது தமக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினார். பேய்களிடம் போவதிலும் இது பரவாயில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். 506இல் இன்றைய பிரான்சிலுள்ள ஆக்டே நகரில் கூடிய ஆயர்கள் இவ்வழக்கத்தைத் தடைசெய்தார்கள்.

அகுஸ்தீன் தமக்கு நடந்ததை மறுக்கவில்லை. எந்த வழியில் வாழ்வது என்று கலங்கிநின்ற ஒருவனை அந்த வரி தொட்டது. மாட்டை விற்பதா, எந்த நாளில் விதைப்பது என்று நூலிடம் கேட்பது வேறு. ஒரே முகாமில் இரண்டு தகப்பன்மார் ஒரே இரவில் நூலைத் திறந்து, ஒருவருக்குப் "போ" என்றும் மற்றவருக்கு "இரு" என்றும் வந்தால் எதை இறைவனின் சொல் என்பது?

91ஆம் திருப்பாடல்

இனிச் சொல்லப்போவதே இப்பாடத்தில் கடினமான பகுதி. பதுங்குகுழிக்குள் நம்மவர்கள் அதிகம் சொன்ன செபங்களில் ஒன்று 91ஆம் திருப்பாடல். இறைவனில் அடைக்கலம் புகுந்தவனைத் தீங்கு அணுகாது என்று அது பாடுகிறது. அதைச் சொல்லித் தப்பியவர்கள் இருக்கிறார்கள். அதையே சொல்லிக்கொண்டு இறந்தவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையைப் புதைத்த தாய் ஒருத்தி, "நாங்களும் அதைத்தானே சொன்னோம்" என்று கேட்கும்போது நாம் என்ன சொல்வது?

சிலர் வந்து அவளிடம் விசுவாசம் போதவில்லை என்று சொன்னார்கள். பாவத்துக்குத் தண்டனை என்றும் சொன்னார்கள். 2004 மார்கழி 26இல் கடல் பொங்கியபோதும் இதே பேச்சு எழுந்தது. இது பொய். கையில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு சொன்னாலும் பொய்தான். பிலாத்து கொன்ற கலிலேயரையும், சிலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் பற்றி இயேசுவிடம் பேச்சு வந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது.

இதைவிடக் கவனிக்கவேண்டிய இடம் மத்தேயு 4. கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லி இயேசுவைச் சோதித்தவன் தனக்குச் சான்றாக எடுத்தது இந்த 91ஆம் திருப்பாடலைத்தான். பாடலில் பிழையில்லை. அதை ஒரு காப்புறுதிப் பத்திரம்போல, 'இப்படிச் செய்தால் இறைவன் இதைச் செய்தே தீரவேண்டும்' என்று நீட்டியவன் சோதிப்பவன். இயேசு அப்படி நீட்டவில்லை. சிலுவையில் அவருடைய வாயில் வந்ததோ கைவிடப்பட்டவனின் அழுகையாகிய 22ஆம் திருப்பாடல். அதுவும் திருநூல்தான். இறந்த பிள்ளைகளுடைய தாய்மாருக்கு அந்தப் பாடலையும் சொல்ல உரிமை உண்டு என்பதை நமது பங்குகளில் போதிய அளவு சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றி 1965இல் வெளியிட்ட ஏடு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. எழுதியவர் எந்த வகை எழுத்தில், எந்தக் காலச் சூழலில், என்ன சொல்ல நினைத்தார் என்பதைப் பார்க்கவேண்டும் என்கிறது. பாடலைப் பாடலாகவும், சட்டத்தைச் சட்டமாகவும், கடிதத்தைக் கடிதமாகவும் வாசிக்கவேண்டும். காணி உறுதியையும் கலியாணக் கடிதத்தையும் நாம் ஒரே மாதிரியா வாசிக்கிறோம்?

அனத்தோத்து வயல்

இடம்பெயர்ந்த கமக்காரருக்கென்றே எழுதியதுபோன்ற பகுதிகள் எரேமியாவில் உண்டு. கி.மு. 597இல் பாபிலோன் படை எருசலேம் மக்களில் ஒரு பகுதியினரைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனது. எப்போது திரும்பலாம் என்பதே எல்லோருடைய கேள்வி. அனனியா என்ற இறைவாக்கினர் இரண்டு ஆண்டுக்குள் எல்லாம் சரியாகும் என்றார் (28ஆம் அதிகாரம்). மக்கள் கேட்க விரும்பிய பதில் அதுதான். எரேமியாவோ அங்கிருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார் (29): வீடு கட்டுங்கள், தோட்டம் செய்யுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கும் ஊரின் நன்மைக்காக மன்றாடுங்கள், எழுபது ஆண்டு ஆகும். இந்தக் கடிதம் வந்தபோது அங்கே யார் மகிழ்ந்திருப்பார்கள்? "வருகிற தைப்பொங்கல் ஊரில்தான்" என்ற பேச்சை எத்தனை தடவை நம்பியிருந்தோம் என்பதை நினைத்தால் அனனியாவுக்குக் கூட்டம் சேர்ந்தது நமக்கு விளங்கும்.

அதே எரேமியாதான் சில ஆண்டுகளின் பின் வேறொரு காரியம் செய்தார் (32). பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. அவரோ காவலர் முற்றத்தில் அடைபட்டிருந்தார். சிற்றப்பன் மகன் அனமேல் வந்து, சொந்த ஊரான அனத்தோத்தில் உள்ள வயலை வாங்கும் முறை உனக்கே என்றான். எதிரிப் படை நிற்கும் நாட்டில் வயலுக்கு என்ன விலை? ஆனாலும் எரேமியா 17 வெள்ளிச் செக்கேலை நிறுத்துக் கொடுத்தார். உறுதி எழுதப்பட்டது. சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்துக்குள் வைக்கும்படி பாரூக்கிடம் கொடுத்தார். நமது பொலித்தீன் பைக்கு மூத்தது அந்தப் பாண்டம்.

கையொப்பம் வைத்த உடனே எரேமியா செய்த மன்றாட்டையும் வாசிக்கவேண்டும். நகரம் விழப்போகிறது, நீரோ வயல் வாங்கச் சொல்கிறீர் என்று அவரே குழம்பி நிற்கிறார். மறுமொழியாக இறைவன் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. இந்த நாட்டில் மீண்டும் வயல்கள் வாங்கப்படும், உறுதிகள் எழுதப்படும் என்ற வாக்கு மட்டும் கிடைக்கிறது. எரேமியா அந்த வயலில் உழுததாகத் திருநூலில் எங்கும் இல்லை. அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாபிலோனிலிருந்து மக்கள் திரும்ப வழி திறந்தது கி.மு. 538இல், பாரசீக அரசன் சைரசின் காலத்தில்.

திருநூல் தரும் உறுதி இந்த வகையைச் சேர்ந்தது என்பது நமது எண்ணம். எந்தத் திகதியில் திரும்புவாய், எந்தப் பக்கம் ஓடினால் தப்புவாய் என்று அது சொல்வதில்லை. நீ கைவிடப்பட்டவனல்லன், ஆகையால் இன்று செய்யவேண்டியதைச் செய், பத்திரத்தைப் பத்திரப்படுத்து என்கிறது.

மற்றக் கேள்விகளுக்கு இறைவன் வேறு வாசல்களையும் திறந்திருக்கிறார். எசாயா 28ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை நம் கமக்காரர்கள் அதிகம் அறியார். உழுவது எவ்வளவு, எந்த விதையை எங்கே போடுவது, எந்தத் தானியத்தைத் தடியால் அடிப்பது, எதை உருளையால் மிதிப்பது என்ற அறிவைக் கமக்காரனுக்குக் கற்றுக்கொடுத்தவர் கடவுளே என்கிறது அது. நெல்லுக்குச் சூடு அடிப்பதுபோல எள்ளுக்கு அடிப்பதில்லை என்று நமக்குத் தெரியுமே, அந்தத் தெளிவும் இறைவனின் கொடைதான். சீராக் 38 மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. செபித்த எண்ணெயைக் கொடுத்து மருந்தை நிறுத்தச் சொல்வோரிடம் இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டலாம்.

கூடி வாசித்தல்

நம் சைவச் சகோதரரின் கோவில்களில் கந்தபுராணம் படிக்கும் முறையைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். பொருள் பிழைத்தால் சபையிலுள்ள முதியவர் ஒருவர் குறுக்கிட்டுத் திருத்துவார். நூலைத் தனியே வைத்துக்கொண்டு அவரவர் விருப்பப்படி பொருள் எடுக்க அங்கே இடமில்லை. நமது அன்பியக் கூட்டங்களுக்கும் இது நல்ல மாதிரி.

இந்த மாதக் கூட்டத்தில் எரேமியா 32ஆம் அதிகாரத்தின் 6 முதல் 25 வரையுள்ள வசனங்களை ஒருவர் வாசிக்கட்டும். பின்னர், இடப்பெயர்வில் காணிப் பத்திரத்தை எப்படிக் காத்தோம், எப்படி இழந்தோம் என்று ஒவ்வொரு வீட்டாரும் சொல்லட்டும். முதலில் பெண்கள் பேசுவது நல்லது. பையைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே. 1958, 1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களில் இன்றும் எழுத்தே கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சுக்கு வேண்டிய நேரம் ஒதுக்கவேண்டும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் இறந்திருந்தால், பின்னுரிமையாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். பத்திரம் தொலைந்தவர்கள் கிராம அலுவலரின் கடிதத்துடன் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போவதற்கு ஒரு நாளைக் கூட்டத்திலேயே குறித்துக்கொண்டு, எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர் இருவரைத் துணைக்கு அனுப்புங்கள். பத்திரம் உள்ளவர்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்கலாம்.