"அடுத்த வருசம் பார்ப்பம்" என்றால்…

இப்படிச் சொல்லி, இயலாமையுள்ள உங்கள் பிள்ளையைப் பாடசாலை திருப்பி அனுப்பினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். சேர்க்க இயலாத காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதத் தயங்கினாலே விசயம் விளங்கும். இயலாமையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்வதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. வைத்திய அறிக்கையின் பிரதியோடு கல்முனை வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பற்றுச்சீட்டு பத்திரம்.

வாப்பா வெளிநாட்டிலா? உம்மா பாடசாலைக்குத் தனியே போகாமல் மாமாவையோ சாச்சியையோ கூட்டிப் போகலாம். ஒருவர் பேச, மற்றவர் குறித்துக்கொள்ளட்டும். "உதவி வேணும்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "முன்வரிசையில் இடம், பெரிய எழுத்தில் வினாத்தாள்" என்று கேட்பதுதான் பலிக்கும்.

பொதுப் பரீட்சையில் மேலதிக நேரம் தேவையென்றால் அதிபர் ஊடாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பரீட்சை நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள்.