வளரும் பிள்ளைகளின் கால்களும் பாதங்களும்

நமது ஜில்லாவில் பதினெட்டு வயது நிரம்பிய வாலிபர்கள் பலர் போலீஸ் உத்தியோகத்திற்கும் இராணுவத்திற்கும் தேகப் பரீட்சைக்குச் செல்கிறார்கள். ஓட்டத்திலும் தாண்டுதலிலும் தேறிய பின், முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன என்று வைத்தியர் சொல்லித் திருப்பியனுப்பும்போதுதான், தன் கால்களில் குறை உண்டென்பதை ஒருவன் முதன்முதலாக அறிகிறான். அதற்குள் எலும்பின் வளர்ச்சி முடிந்துவிடுகிறது. நாலைந்து வருஷங்களுக்கு முன் கவனித்திருந்தால் எளிதில் தீரத்தக்க குறை அது. ஆகையால் இவ்விஷயத்தைச் சங்கத்து அங்கத்தினர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை முன்னிட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

கால்கள் கோணலாயிருப்பதெல்லாம் நோயன்று. நடை பழகும் குழந்தையின் கால்கள் வெளிப்புறமாக வில்போல் வளைந்திருப்பது இயற்கை. இரண்டு வயதுக்குமேல் அவை நேராகி, மூன்று நான்கு வயதில் மறுபக்கம் சாய்ந்து முழங்கால்கள் முட்டிக்கொள்ளும். ஏழெட்டு வயதில் பெரியவர்களின் அமைப்பு வந்துவிடும். இந்தக் காலத்தில் பச்சிளங் கால்களைத் துணியால் இறுகக் கட்டுவதும், எண்ணெய் தேய்த்து முறுக்கி நிமிர்த்துவதும் வீண். சில சமயம் தீங்கும் விளையும். தானே நேராகும் கால் நேரானதற்குப் புகழ் மட்டும் தேய்த்தவருக்குப் போய்ச் சேருகிறது!

கவனிக்கவேண்டியது பத்து வயதுக்குமேல் காணும் கோணலையே. பிள்ளையை முழங்கால்கள் மெல்லத் தொடும்படி நேராக நிற்கச் செய்து, உட்கணுக்கால்களின் நடுவேயுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அது 8 சென்டிமீட்டருக்கு, அதாவது சுமார் மூன்று அங்குலத்திற்கு மேற்பட்டாலும், ஒரு கால் மட்டும் சாய்ந்திருந்தாலும், வருஷத்திற்கு வருஷம் அளவு கூடினாலும், வலி இருந்தாலும் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

காரணங்களில் ஒன்று சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ‘டி’யும் குறைவதால் வரும் எலும்பு மெலிவு. மற்றொன்று நாம் குடிக்கும் நீரிலேயே இருக்கக்கூடும். சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில், நீரிலுள்ள புளோரைடு என்னும் உப்பு எலும்புகளைக் கெடுப்பதை ஷார்ட் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1937ஆம் வருஷம் வெளியிட்டார்கள். 1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும், புளோரைடு மிகுந்த பிரதேசத்தில் முழங்கால் முட்டும் கோணல் பரவியிருப்பதை விவரித்தார்கள். நமது மாநிலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்கு இத்தீங்கை நீக்கவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டு, 2013இல் துவக்கிவைக்கப்பட்டது.

பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்று நீரைக் குடிப்போர் ஒரு வகையினர். கால்வாய்ப் பாசனத்திற்கு அப்பால், மானாவாரி நிலங்களின் நடுவே ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருப்போர் வேறு வகையினர். நிலத்தடி நீர் ஊருக்கு ஊர், கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். புளோரைடுக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை, காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடையாதபோது ஒன்றரை மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. ஓர் ஊரில் பல பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையும் கால்களில் கோணலும் சேர்ந்து காணப்பட்டால், கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பும் பொறுப்பைச் சங்கமே ஏற்கலாம்.

சிகிச்சையில் காலமே பிரதானம். முழங்காலின் அருகே எலும்பு நீளும் குருத்து ஒன்றுண்டு. முட்டிக்கால் உள்ளவருக்கு அக்குருத்தின் உட்புறத்தில் சிறு உலோகத் தகட்டை இரண்டு திருகாணிகளால் பொருத்துவார்கள். அந்தப் பக்கம் வளர்ச்சி தடைப்பட, வெளிப்பக்கம் மட்டும் வளர்ந்து கால் தானே நேராகும். பெரும்பாலும் ஓராண்டளவில் பலன் தெரியும், பின்பு தகட்டை எடுத்துவிடுவார்கள். பெண்களுக்குச் சுமார் 14 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 16 வயதிலும் இவ்வளர்ச்சி நின்றுபோவதால், அதற்கு ஓரிரண்டு வருஷம் முன்னரே இதைச் செய்ய வேண்டும். பருவம் தவறிவிட்டால் எலும்பை வெட்டி நேராக்கும் பெரிய அறுவையே வழி. பெண்பிள்ளைகளின் காலைப் பாவாடை மறைத்துவிடுவதால் அவர்கள் விஷயத்தில் தாமதம் அதிகம் நேர்கிறது. தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

இனித் தட்டைப்பாதம். குறுக்குத்துறையில் குளித்துவிட்டு ஈரக்காலோடு உலர்ந்த கற்படியில் ஏறும் பிள்ளையின் தடத்தைப் பாருங்கள். நடுவில் உட்புறம் வளைந்து விடுபட்டிருந்தால் வளைவுள்ள பாதம்; முழுப் பாதமும் பதிந்தால் தட்டை. தட்டையெனக் கண்டு கலங்க வேண்டியதில்லை. நுனிக்காலில் நிற்கச் சொன்னால் வளைவு தோன்றி, வலியும் இல்லையாயின், அது பெரும்பாலும் சிகிச்சை வேண்டாத பாதம். வளைந்து கொடுக்கும் வலியற்ற இத்தகைய பாதம் நம் இராணுவத் தேர்விலும் தள்ளப்படுவதில்லை.

வளைவை உண்டாக்கும் எனச் சொல்லி விலையுயர்ந்த பாதரட்சைகளும் உள்தகடுகளும் விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் 1989இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தட்டைப்பாதக் குழந்தைகள் 129 பேரைப் பிரித்து, சிலருக்குச் சாதாரணப் பாதரட்சையும் சிலருக்கு விசேஷமானதும் கொடுத்து மூன்று வருஷம் கவனித்தார்கள். எல்லோர் பாதமும் ஏறக்குறைய ஒரேயளவில் தேறின. வலியுள்ளவருக்கு உள்தகடு ஆறுதல் தரும், வளைவைப் படைக்காது. இதற்காகக் கடன் வாங்குவோரைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

நம் தேசத்து ஆராய்ச்சியொன்றும் அறியத்தக்கது. ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2300 குழந்தைகளின் பாதத் தடங்களைச் சோதித்து 1992இல் வெளியிட்டார்கள். பாதரட்சை அணிந்தவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாதவர்களில் 2.8 பேருக்கும் தட்டைப்பாதம் காணப்பட்டது. விரல் மூடிய ஜோடு அணிந்தவர்களிடமே அது அதிகம். ஆயினும் இதைப் படித்து வரப்பில் வெறுங்காலோடு பிள்ளைகளை விடுவது தவறு. முள்ளும் கொக்கிப்புழுவும் அங்கே காத்திருக்கின்றன. வெளியே செருப்பும், வீட்டிலும் சுத்தமான முற்றத்திலும் வெறுங்காலும் போதும்.

நுனிக்காலில் நின்றும் வளைவு தோன்றாத விறைத்த பாதமும், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் புதிதாய் வலிக்கத் தொடங்கும் பாதமும் வேறு ஜாதி. பாத எலும்புகள் இரண்டு ஒட்டிப் பிறந்திருப்பது இதற்கு ஒரு காரணம். படம் எடுத்துப் பார்க்க வேண்டும். குதிகால் தசைநார் குறுகியிருந்தால், சுவரில் கைகளை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, முழங்கால் மடங்காமல் முன்சாய்ந்து அரை நிமிஷம் நிற்கும் பயிற்சியைத் தினம் இருவேளை செய்விக்கலாம்.

பதினெட்டு வயது வரையுள்ளோரைப் பள்ளிக்கே வந்து பரீட்சிக்கும் வைத்தியக் குழுக்கள் 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் ஏற்பட்டுள்ளன. குழு வரும் தினத்தில் பிள்ளையைப் பள்ளிக்குத் தவறாது அனுப்பி, சந்தேகத்தை ஆசிரியர் மூலம் தெரிவிக்கலாம். அன்றி, 1965 முதல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் நடைபெறும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவுக்கு நேரே அழைத்துச் செல்லலாம். வீட்டில் எடுத்த அளவுகளைத் தேதியுடன் ஒரு காகிதத்தில் குறித்துக் கொண்டுபோனால், கோணல் கூடுகிறதா நிற்கிறதா என்பது வைத்தியருக்கு உடனே விளங்கும்.