இரவல் கலை திருட்டாகுமா?

ச. ரே., கோவை: மரப்பலகை அச்சு கற்கிறேன். பெர்தா லம் என்ற அமெரிக்கப் பெண்ணின் ஜப்பானிய பாணி அச்சோவியங்களைப் பார்த்து வந்த ஆசை இது. அடுத்ததாக ஹவாயின் எரிமலைத் தெய்வம் பெலேயைச் செதுக்க நினைக்கிறேன். “அவரே இரவல், நீ இரவலுக்கு இரவல்” என்கிறார் நண்பர். திருட்டாகிவிடுமோ என்று உளியைத் தொடவே பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, இது திருட்டு இல்லை.

பெர்தா லம் படத்தைப் பார்த்து நகலெடுத்தவர் அல்லர். 1903இல் தேனிலவுக்கு ஜப்பான் போனவர், அங்கே தேடிப்பிடித்து அச்சுக் கருவிகள் வாங்கிவந்தார். 1907இல் மறுபடி போய், இகாமி பொன்கொட்சு என்ற செதுக்குக் கலைஞரிடம் கற்றார். அந்த மரபில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் இன்னொருவர். வண்ணத்துக்கு வண்ணம் தனிப் பலகை. தாள் இம்மியும் விலகாதிருக்க ஓரத்தில் கெந்தோ (தாளைப் பொருத்தும் வெட்டுக்குறி) செதுக்குவார்கள். பாரென் (மூங்கில் மடல் போர்த்திய வட்டத் தேய்ப்பான்) கொண்டு கையால் தேய்த்தே அச்சிடுவார்கள். இதையெல்லாம் உரியவர்களிடம் போய்க் கற்றவரை இரவல்காரர் என்று தள்ளிவிட முடியாது. அவர் காட்டும் ஜப்பானில் தேவதைகளும் பேய்களும்தான் அதிகம், ஆலைகளைக் காணோம். அந்த ஒரு குறை எனக்கு அவர்மேல் உண்டு.

பெலே விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். கிலவேயா எரிமலையில் குடியிருப்பதாகச் சொல்லப்படும் அவளை இன்றும் வணங்குகிறார்கள். ஹவாய் மக்கள் 1893இல் அரசியின் ஆட்சியை இழந்தார்கள். 1896இல் பள்ளிகளில் தாய்மொழியை இழந்தார்கள். 1898இல் நாடும் அமெரிக்காவிடம் போனது. கதையையும் பிறர் எடுத்தால் கோபம் வராதா? 1924இல் பாட்ரிக் கொலம் என்ற ஐரிஷ் எழுத்தாளர் ஹவாய்க் கதைகளை நூலாக்கினார். படம் வரைந்தவர் ஹோனலூலுவில் பிறந்த ஜூலியட் மே ஃபிரேசர். கொலம் பெரிதும் நம்பியது ஃபோர்னாண்டர் என்பவரின் ஹவாய்க் கதைத் தொகுப்பை. அதற்குக் கதைகளைத் திரட்டித் தந்தவர்கள் கமகாவு, ஹலேஓலே போன்ற ஹவாய் அறிஞர்கள். அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனவே முதலில் அந்தத் தொகுப்பைப் படியுங்கள். பிஷப் அருங்காட்சியகம் 1916 முதல் ஹவாய் மொழியும் ஆங்கிலமுமாக அதை வெளியிட்டது. சுறாவாகவும் ஆந்தையாகவும் வரும் அவுமாக்குவாவை (குடும்பக் காவலாக நிற்கும் மூதாதைத் தெய்வம்) மட்டும் விட்டுவிடுங்கள். அது அந்தந்தக் குடும்பத்தின் சொத்து. பெலேயைத் தாராளமாகச் செதுக்குங்கள். கதை யாரிடமிருந்து வந்தது என்று அச்சின் கீழே எழுதிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.