ஊதச் சொன்னால் ஏன் கோபம்?

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்குக் கிடைக்கும் தண்டனையைப் பற்றி நம்மிடையே இரண்டு குரல்கள் உண்டு. தெரிந்தவர் யாராவது இரவுச் சோதனையில் மாட்டினால், ‘ஒரு பீருக்குப் பத்தாயிரமா? அநியாயம்!’ என்கிறோம். முகம் தெரியாத ஒருவர் போதையில் காரை ஏற்றி ஆளைக் கொன்றால், ‘இவனையெல்லாம் தூக்கில் போடணும்’ என்கிறோம். இருவரும் செய்தது ஒரே காரியம். ஒருவருக்குக் குறுக்கே ஆள் வரவில்லை, இன்னொருவருக்கு வந்துவிட்டது; அவ்வளவுதான் வித்தியாசம். உயிர் போகும்வரை காத்திராமல் அந்தக் காரியத்தையே சட்டம் குற்றம் என்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன். கொஞ்ச நேரம் போனா தெளிஞ்சிடும்.’

உண்மை: தள்ளாடினால்தான் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லி கிராமைத் தாண்டினாலே வழக்குதான். ‘எனக்கு ஒண்ணும் ஆகலை’ என்று முடிவுசெய்கிற மூளையைத்தான் ஆல்கஹால் முதலில் மழுக்குகிறது. கால் தடுமாறுவது அதற்குப் பிறகு வரும்.

மோர், எலுமிச்சைச் சாறு, கறுப்புக் காபி, தலையில் பச்சைத் தண்ணீர் எதுவும் ரத்தத்தில் உள்ள அளவைக் குறைக்காது. கல்லீரல் தன் போக்கில் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் வீதம்தான் குறைக்கும். நள்ளிரவு 12 மணிக்கு ஒருவரின் அளவு 150 என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு எழுந்து பல் தேய்த்து, பைக்கை எடுத்து ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அவர் ரத்தத்தில் இன்னும் 60 இருக்கும். சட்டம் அனுமதிப்பதைப் போல இரு மடங்கு. அவர் 30க்கு இறங்க 8 மணி ஆகிவிடும்.

நம்பிக்கை 2: ‘மெஷின் தப்பா காட்டும். ஊத மாட்டேன்னு சொல்லிட்டா கேஸே நிக்காது.’

உண்மை: முதல் பாதியில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் வாய் கொப்பளித்த உடனே ஊதினால் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினால் அது மறைந்துவிடும். ஆகவே சந்தேகம் இருந்தால் மறுசோதனை கேளுங்கள், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஊதவே மறுப்பது அபத்தம். குடித்திருப்பதாகச் சந்தேகிக்க இடமிருந்து, ஒருவர் ஊத மறுத்தால் 203ஆம் பிரிவின்படி பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். தக்க காரணமில்லாத மறுப்பை அவருக்கு எதிரான சூழ்நிலையாகவே நீதிமன்றம் கருதலாம் என்கிறது 205ஆம் பிரிவு.

நம்பிக்கை 3: ‘எல்லாம் வசூல் வேட்டை.’

உண்மை: 2019 திருத்தத்துக்கு முன்பு முதல் முறை மாட்டினால் அபராதம் அதிகபட்சம் 2,000 ரூபாய். திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 15,000 ரூபாய் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தபோது எழுந்த முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

நாள் கூலிக்குப் போகிறவருக்குப் பத்தாயிரம் என்பது பெரிய இடி. கார் வைத்திருக்கும் வசதிக்காரருக்கு அது ஒரு ராத்திரிச் செலவு. இந்த ஏற்றத்தாழ்வைக் குறை சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இது ரோட்டிலேயே பணம் கட்டித் தீர்க்கும் குற்றம் அல்ல. சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185ஆம் பிரிவு கிடையாது. வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ரோட்டில் ரொக்கமாக யாராவது கேட்டால் அது லஞ்சம். கொடுக்காமல் புகார் செய்யுங்கள்.

அபராதத்தைவிட வலிப்பது வேறு இரண்டு. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, குடித்து ஓட்டியவரின் ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்குமாறு 2015இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் மூன்று மாதம் ஒரே மூன்று மாதம்தான். அடுத்தது இன்சூரன்ஸ். போதையில் மோதினால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். அடிபட்டவர் குடும்பத்துக்கு முதலில் நிறுவனத்தைக் கொடுக்கச் சொல்லி, அந்தத் தொகையை வண்டிக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிப்பதும் உண்டு. சில லட்சங்கள் என்றாலும் வீடு விலைக்குப் போய்விடும்.

நம்பிக்கை 4: ‘அரசாங்கமே விக்குது, அரசாங்கமே பிடிக்குது.’

உண்மை: இந்தக் கோபத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் நடத்துகிறது. பார் வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகளை அரசு அறியாமல் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளுக்கு எதிராகத் தமிழ்நாட்டிலிருந்து வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில்தான், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறிய ஊர்களுக்கு அந்தத் தூரம் பிறகு 220 மீட்டராகக் குறைந்தது. மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நகர எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று அடுத்த சில மாதங்களிலேயே தளர்வும் வந்தது.

ஆக, கடையை எங்கே வைப்பது, எத்தனை மணி வரை திறப்பது, பாரிலிருந்து மக்கள் எப்படி வீடு போவார்கள் என்பதெல்லாம் அரசிடம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வாங்கிக் குடித்ததற்காக 185ஆம் பிரிவில் வழக்கு கிடையாது. சாவியைத் திருகியதற்குத்தான் வழக்கு. விற்றவரின் தவறு எதிரே நடந்து வருகிறவரின் எலும்பைக் காப்பாற்றாது.

நம்பிக்கை 5: ‘ஓட்டினது அவன். பின்னால உக்காந்தவனுக்கு எதுக்கு ஃபைன்?’

உண்மை: குற்றத்துக்குத் துணைபோகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆம் பிரிவு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை உடன் வருபவர்கள் மீதும் வழக்கு வரும் என்று அறிவித்தது இதை வைத்துத்தான். பார் வாசலில் நண்பனுக்குச் சாவித் துவாரம் பிடிபடாமல் கை நழுவுகிறது. பக்கத்தில் நிற்பவர் சாவியை வாங்கித் தானே செருகி, ‘பாத்துப் போடா மாப்ள’ என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்கிறார். அந்தச் சாவியை அவர் சட்டைப்பையில் போட்டிருக்கலாம். அந்த இடத்தில் தடுக்க முடிந்த ஒரே ஆள் அவர்தான்.

நம்பிக்கை 6: ‘பணம் இருந்தா தப்பிச்சுக்கலாம். சட்டமெல்லாம் சும்மா.’

உண்மை: 2024 மே 19 அதிகாலை புனேயின் கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். அன்றைக்கே ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து குறித்து 300 வார்த்தைக் கட்டுரை. நாடே கொதித்தது. பல மணி நேரம் கழித்து எடுக்கப்பட்ட ரத்த மாதிரியும் மாற்றி வைக்கப்பட்டதாகச் சொல்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள் இருவரைப் போலீஸ் கைது செய்தது.

கட்டுரை நிபந்தனை மீது பொங்கிய அளவுக்கு அந்தத் தாமதத்தின் மீது நாம் பொங்கவில்லை. மணிக்கு 15 மில்லி கிராம் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்: எட்டு மணி நேரத் தாமதத்தில் 120 அளவுள்ள சாட்சியம் கரைந்துபோகும். 185இல் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று 202ஆம் பிரிவு சொல்வது சும்மா அல்ல.

சாட்சியம் நின்றால் சட்டமும் நிற்கும். 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். கீழ்நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். உயர் நீதிமன்றம் அதை அஜாக்கிரதை என்று பார்க்காமல் கொலையாகாத மரணக் குற்றம் என்று கொண்டு மூன்றாண்டு ஆக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. குடித்துவிட்டு வேகமாக ஓட்டியவரின் ரத்தப் பரிசோதனை முடிவு அந்த வழக்கில் இருந்தது.

நம்பிக்கை 7: ‘தண்டனையைக் கடுமையாக்கினா எல்லாம் சரியாயிடும்.’

உண்மை: அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் பழைய குற்றவியல் சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டு. கூட்டியது சரி. ஆனால் மாட்டவே மாட்டோம் என்று நம்புகிறவரை ஐந்தும் தடுக்காது, ஐம்பதும் தடுக்காது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பரில், எந்த வண்டியையும் காரணம் சொல்லாமல் நிறுத்தி ஊதச் சொல்லும் முறை வந்தது. அங்கே வரம்பு 50 மில்லி கிராம், நம்முடையதைவிடத் தளர்வானது. இருந்தும் சாலை மரணங்கள் சட்டென்று குறைந்தன. எந்தத் தெருவிலும் ஊதச் சொல்வார்கள் என்ற நிச்சயம் செய்த வேலை அது.

நாம் கேட்க வேண்டியது இதைத்தான். புத்தாண்டு இரவில் மட்டும் தடுப்பு வைத்தால் போதாது; சாதாரண செவ்வாய்க்கிழமையும் சோதனை நடக்க வேண்டும். விபத்து நடந்தால், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். நம் அண்ணனோ மாமாவோ மாட்டிக்கொண்டு போன் செய்தால், ‘யாரையாவது பிடிச்சு வெளிய எடுக்கலாம்’ என்று தெரிந்தவர் நம்பரைத் தேடாமல், ‘அபராதத்தைக் கட்டுங்க, இனி ஓட்டாதீங்க’ என்று சொல்ல வேண்டும். யாரும் சாகாத இரவிலும் அந்தக் கோபம் நமக்கு வந்தால்தான், ஒருவர் செத்த பிறகு நாம் போடும் கூச்சலுக்கு மரியாதை இருக்கும்.