போஸ்ட்டாக்: யார் பணத்தில் போவது?

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு போஸ்ட்டாக் தேடுபவர்கள், அமெரிக்காவா ஜெர்மனியா என்று நாட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சம்பளம் பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வருமா, உங்கள் பெயரில் கிடைக்கும் பெல்லோஷிப்பிலிருந்து வருமா?

பேராசிரியரின் நிதி என்றால் வேலை சீக்கிரம் அமையும். அமெரிக்காவில் பல இடங்கள் இப்படித்தான் நிரம்புகின்றன. ஆனால் ஆய்வுக் கேள்வி அவருடையது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. நிதி தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. ஜே-1 விசாவில் ஆய்வாளராக 5 ஆண்டுகள் வரைதான் இருக்கலாம். விசா முடிந்ததும் இரண்டாண்டு தாயகம் திரும்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குக் காரணமான அமெரிக்காவின் திறன் பட்டியலிலிருந்து இந்தியா 2024 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு அந்த நிபந்தனை இன்னும் உண்டு.

பெல்லோஷிப் கடினம், மெதுவானது. ஆனால் கேள்வி உங்களுடையது. பிறகு பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதுவே உங்களுக்காகப் பேசும். ஐரோப்பாவின் மேரி கியூரி பெல்லோஷிப்புக்கு ஆண்டுக்கொரு முறைதான் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் வழக்கமாக செப்டம்பரில் வரும். கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், போக விரும்பும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. பேராசிரியரின் நிதியில் முதலில் சேர்ந்துவிட்டு, சாவகாசமாக விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த விதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் பெல்லோஷிப்புக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். ஆனால் முனைவர் பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். இவை இரண்டிலும் குடும்பத்துக்கென உதவித்தொகை உண்டு. திருமணமானவர்கள் இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். பெல்லோஷிப்பில் உங்களை ஏற்கும் பேராசிரியர்தான் விண்ணப்பிக்கிறார். பட்டம் பெற்று 6 ஆண்டுகள் வரை வாய்ப்பு உண்டு.

நாட்டைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு இந்திய அரசின் ஏ.என்.ஆர்.எஃப். (முன்பு செர்ப்) தரும் தேசிய போஸ்ட்டாக் பெல்லோஷிப் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள், பொதுப் பிரிவில் வயது வரம்பு 35. இதை இரண்டாம் தரமாகப் பார்க்கத் தேவையில்லை. பட்டம் தந்த கைடின் ஆய்வகத்திலேயே தங்கிவிடுவதுதான் தவறு.

என் தீர்ப்பு இது. உங்கள் கேள்வியை ஏற்கக்கூடிய ஒரு பேராசிரியரை முதலில் பிடியுங்கள். பட்டத்துக்கு ஓராண்டு முன்பே அவருக்கு எழுதுங்கள். அவரோடு சேர்ந்து பெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் அவருடைய நிதியில் இடம் உண்டா என்பதையும் அப்போதே வெளிப்படையாகக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், அந்த ஆய்வகத்தில் இருந்து வெளியேறிய இருவருக்காவது எழுதுங்கள். இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், தாங்கள் தொடங்கிய ஆய்வைத் தங்களோடு எடுத்துப்போகப் பேராசிரியர் விட்டாரா என்று கேளுங்கள். விடவில்லை என்று பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு என்றாலும் வேறு இடம் பாருங்கள்.