பிளெண்டர் அனிமேஷனில் எழுத்து பளிச்சென்று வர: தொடங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வியூபோர்ட்டில் கூர்மையாகத் தெரிந்த டைட்டில், வீடியோவாக வந்ததும் பிசிறடித்துக் கிடக்கும். உடனே சாம்பிளை 4096-க்கு ஏற்றிவிட்டு இரவெல்லாம் காத்திருப்பார்கள் பலர். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது.

முதலில் ஒரே ஒரு ஃபிரேம்

எஃப்12 அழுத்தி ஒரு ஃபிரேமை ரெண்டர் போடுங்கள். வந்த படத்தின்மேல் கர்சரை வைத்து நம்பர்பேடில் 1 அழுத்தினால் படம் அசல் அளவில் தெரியும். இதிலேயே மங்கல் இருந்தால் ரெண்டர் அமைப்பைப் பாருங்கள். படம் சுத்தமாக இருந்து வீடியோ மட்டும் கெட்டிருந்தால் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடலாம்.

தமிழ் எழுத்தை உடையாமல் கொண்டுவருதல்

பிளெண்டரின் டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்டில் தமிழைத் தட்டினால் பல பதிப்புகளில் எழுத்து சேராது. 'கெ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கு' ஒட்டாமல் இரண்டாகப் பிரியும். இதற்கு இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப் கைகொடுக்கும். அதில் யூனிகோட் எழுத்துருவில் தட்டி, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, பிளெண்டரில் இம்போர்ட் செய்யுங்கள். மிகச் சிறிதாக வந்து விழும், பெரிதாக்கிக்கொள்ளலாம். வளைவுகள் கோணலாகத் தெரிந்தால் கர்வின் ரெசல்யூஷனைக் கூட்டுங்கள். பாத் ஆன பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது, ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

மெலிந்த எழுத்துரு வேண்டாம். ண, ஞ, ழ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும்.

வெள்ளை, வெள்ளையாகவே வர

பிளெண்டர் 4.0 முதல் வியூ டிரான்ஸ்ஃபார்மில் ஏஜிஎக்ஸ்தான் இயல்புநிலை. அதற்கு முன் ஃபில்மிக். வெளிச்சம் மிகுந்த இடங்களை இயல்பாகக் காட்டுவதில் இரண்டும் கெட்டி. ஆனால் வெள்ளை எழுத்தைச் சாம்பலாக்கிவிடும். கலர் மேனேஜ்மென்ட்டில் ஸ்டாண்டர்டுக்கு மாற்றி, எழுத்துக்கு எமிஷன் ஷேடரை 1 என்ற அளவில் கொடுங்கள். எமிஷனுக்கு நிழல் விழாது, நாய்ஸும் இராது. மெல்லிய கோடுகளை மழுப்பிவிடும் டீநாய்ஸரும் தேவைப்படாது.

காட்சிக்கு ஏஜிஎக்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால் எழுத்தைத் தனியாக, 'ஃபிலிம் டிரான்ஸ்பரன்ட்' போட்டு ரெண்டர் செய்து எடிட்டிங்கில் மேலே வையுங்கள். என்னைக் கேட்டால், காட்சிக்குள் ஒரு பொருளாக நிற்காத எழுத்தை ரெண்டருக்கே அனுப்பக்கூடாது. சப்டைட்டிலையும் பெயர்ப்பட்டியலையும் எடிட்டிங்கில் போடுவதே மேல்.

விளிம்புகள்

பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் பிக்சல் ஃபில்டரின் அகலம் இயல்பாக 1.5. அதை 1-க்கு அருகே கொண்டுவந்தால் விளிம்பு கூர்மையாகும். இன்னும் குறைத்தால் படிக்கட்டு தெரியும், எழுத்து நகரும்போது மினுமினுக்கும். நேரம் இருந்தால் 3840×2160-இல் ரெண்டர் போட்டு 1920×1080-ஆகச் சுருக்குங்கள்.

கடைசிப் படி: வீடியோவாக்குதல்

நேரடியாக வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள். பிஎன்ஜி வரிசையாக எடுத்துப் பிறகு எச்.264-ஆக மாற்றுங்கள், தரத்தைத் தீர்மானிக்கும் சிஆர்எஃப் எண்ணை 16 முதல் 18 வரை வைத்தால் போதும். வழக்கமான எச்.264 வீடியோவில் வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் பதிவாகும், நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒருமுறைதான். அதனால்தான் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கரைந்து தெரிகிறது. இருட்டின்மேல் வெள்ளை, மஞ்சள் என வெளிச்ச வேறுபாடு உள்ள ஜோடிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

முடித்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கிவிடும்.