நீலப் புகை சொல்லும் சேதி

இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வழி கரடுமுரடானது. அங்கே பேருந்து போகாது. ஜீப் போகும். பாலக்காடு மாவட்டம் நெல்லியாம்பதியிலும் பல எஸ்டேட் வழிகள் இப்படித்தான். நோயாளியை இறக்கவும் அரிசி மூட்டையை ஏற்றவும் ஜீப்தான் துணை. நடு ஏற்றத்தில் அது இழுக்காமல் நின்றால் என்ன ஆகும்?

சில ஜீப்புகள் நீலப் புகை விடும். இழுவை குறையும். அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டி வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் இப்படி ஆகும்.

ரிங்கின் வேலை என்ன?

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றிப் பெரும்பாலும் 3 ரிங்குகள் இருக்கும். மேலே உள்ள 2 ரிங்குகள் எரியும் வாயுவைக் கீழே கசிய விடாது. கடைசி ரிங் சுவரில் உள்ள ஆயிலை வழித்துக் கீழே விடும். ரிங் தேய்ந்தால் வாயு கீழே போகும். ஆயில் மேலே வந்து எரியும். அதுதான் நீலப் புகை.

வால்வு கைடு தேய்ந்தாலும் நீலப் புகை வரும். ஆகவே இன்ஜினைப் பிரிக்கும் முன் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் அளவு, பிறகு செலவு

புது ரிங் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சிலிண்டர் சுவரும் தேய்ந்திருந்தால் அது போதாது. மீண்டும் புகை வரும். கூலியும் ரிங் விலையும் வீண்.

இதை எப்படி அறிவது? ரிங் முழு வட்டம் அல்ல. ஓரிடத்தில் வெட்டு இருக்கும். அந்த இடைவெளிக்குக் கேப் என்று பெயர். ஒரு ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ள வேண்டும். பிறகு பில்லர் கேஜால் கேப்பை அளக்க வேண்டும். சிலிண்டரின் அடியில் தேய்மானம் குறைவு. மேலே அதிகம். இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும்.

மேலே 1.0 மி.மீ.
கீழே 0.4 மி.மீ.
வித்தியாசம் 0.6 மி.மீ.

வட்டத்தின் சுற்றளவு அதன் அகலத்தைப் போல் 3 மடங்குக்குச் சற்று அதிகம். ஆகவே 0.6-ஐ 3-ஆல் வகுங்கள். சிலிண்டர் மேலே சுமார் 0.2 மி.மீ. அகன்றுவிட்டது. இன்ஜின் கையேட்டில் உள்ள எல்லையை இது தாண்டினால் போரிங் செய்து, பெரிய அளவு பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும்.

மாட்டும்போது கவனியுங்கள்

1. புது ரிங்கின் கேப்பையும் அளக்க வேண்டும். கேப் மிகக் குறைந்தால், சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.
2. எழுத்துக் குறி உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும்.
3. 3 ரிங்குகளின் கேப்பும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது.
4. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் ஆயில் பூசி மாட்ட வேண்டும்.
5. முதல் சில நாட்கள் அதிக பாரம் ஏற்றக்கூடாது.

ரிங்கின் எதிரி தூசி. மண் வழியில் ஓடும் ஜீப்பின் ஏர் ஃபில்டரை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.

பயிற்சி

1. ஆயில் எரிந்தால் புகை என்ன நிறம்?
2. மேலே 0.8, கீழே 0.5 மி.மீ. என்றால் சிலிண்டர் எவ்வளவு அகன்றிருக்கும்?
3. உங்கள் ஊர் ஜீப் ஓட்டுநரிடம் ஏர் ஃபில்டரை எப்போது சுத்தம் செய்தார் என்று கேட்டு எழுதுங்கள்.